திருகோணமலை வளவில் இறைச்சிக்குப் பன்றி: குட்டி வாங்கி வளர்ப்பதா, தாய்ப்பன்றி வைப்பதா, எந்த மாதத்தில் தொடங்குவது?

அரை ஏக்கர் வளவும் ஒரு கிணறும் உள்ள குடும்பமொன்று, நத்தாருக்கான இறைச்சியைத் தானே வளர்த்தெடுக்க எண்ணினால், அதற்கு மூன்று வழிகள் உண்டு. பால்மறந்த குட்டியை வாங்கி, ஆறு மாதமளவு தீன் போட்டு வளர்த்து அறுப்பது ஒன்று. தாய்ப்பன்றியை வைத்துக் குட்டி ஈனச் செய்து, ஒன்றிரண்டைத் தனக்கென நிறுத்திக்கொண்டு மிகுதியை விற்பது இன்னொன்று. நாட்டுப்பன்றியை அவிழ்த்துவிட்டு, அது ஊரெல்லாம் கிளறித் தின்று கொழுத்த பிறகு பிடித்துக்கொள்வது பழைய வழி. இவற்றுள் முதலாவதே இம்மாவட்டத்துக்குப் பொருந்தும் என்பது இக்கட்டுரையின் முடிவு. ஆயினும் அம்முடிவைவிட, குட்டியை எந்த மாதத்தில் வாங்குவது என்ற கேள்விக்கே இங்கு அதிக இடம் கொடுக்கப்படுகிறது. ஏனெனில், மேற்குக் கரையோரத்து வளர்ப்பாளர்களுக்கென எழுதப்பட்ட அறிவுரைகள் கிழக்கின் வெயிலுக்கும் மழைக்கும் கடலுக்கும் அப்படியே பொருந்துவதில்லை.

எந்த வழி என்று பார்ப்பதற்கு முன், அந்த வளவில் பன்றி வைக்கலாமா என்பதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். இந்நாட்டின் பன்றி வளர்ப்பு கம்பஹா, புத்தளம் போன்ற மேற்குக் கரையோர மாவட்டங்களிலேயே செறிந்திருக்கிறது. அங்கே அயலவரும் பெரும்பாலும் பன்றி வளர்ப்பவராகவோ உண்பவராகவோ இருப்பர். திருகோணமலை அப்படிப்பட்ட இடமல்ல. கிண்ணியாவிலும் மூதூரிலும் மட்டுமன்றி, நகரத்துக்குள்ளும் முஸ்லிம் குடும்பங்களும் சைவக் குடும்பங்களும் கத்தோலிக்கக் குடும்பங்களும் சிங்களக் குடும்பங்களும் ஒரே ஒழுங்கைக்குள் அடுத்தடுத்து வாழ்கின்றன. வேலிக்கு அப்பால் ஒரு முஸ்லிம் வீடு இருக்குமானால், அல்லது வளவின் பின்பக்கம் கோயில் வீதியில் முடியுமானால், சட்டம் இடங்கொடுத்தாலும் அங்கே பன்றி வைப்பது முறையன்று. கொட்டிலைக் கழுவிய நீர் ஒருநாள் வேலியைத் தாண்டிப் போனால் பல ஆண்டு உறவு கெட்டுப்போகும். அதை எந்த இறைச்சியாலும் ஈடுசெய்ய முடியாது. அத்தகைய வளவுக்கு ஆடுதான் சரி. ஓராட்டிலிருந்து பன்னிரண்டு, பதினைந்து கிலோ இறைச்சியே கிடைக்கும் என்றாலும், கிளிசிரிடியாக் குழையும் வேலியோரப் புல்லும் அதற்குப் போதும். விற்க நேர்ந்தால் இம்மாவட்டத்தில் எல்லாச் சமூகத்தாரும் வாங்குவர். பாலையூற்று போன்று கத்தோலிக்கர் கூடி வாழும் பகுதிகளிலும், வீட்டுக்கு வீடு இடைவெளியுள்ள ஊர்ப்புறங்களிலும் வளவு உள்ளவர்களை நோக்கியே இனிச் சொல்பவை எழுதப்படுகின்றன.

அவிழ்த்துவிட்டு வளர்க்கும் பழைய வழியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தீன் செலவு இல்லை என்பது உண்மை. ஆனால் ஐம்பது கிலோ எடைக்கு வர நாட்டுப்பன்றிக்கு ஓராண்டளவு பிடிக்கும். அதற்குள் அயலாரின் மரவள்ளிப் பாத்திகளை அது கிளறிவிடும். மனித மலம் கிடக்கும் இடத்தில் மேயும் பன்றியின் தசையில் நாடாப்புழுவின் கட்டிகள் உருவாகும். அந்தப் புழுவின் முட்டை மனித உடலுக்குள் போனால் மூளையிலும் கட்டி தோன்றி வலிப்பு நோய் வரலாம். காட்டோரக் கிராமங்களில் காட்டுப்பன்றிகளோடு கலந்து நோயையும் கொண்டுவரும். கடைசியாகச் சொன்ன இந்த ஒரு காரணமே, 2024ஆம் ஆண்டுக்குப் பிறகு இவ்வழியைக் கைவிடப் போதுமானது.

தாய்ப்பன்றியா, வாங்கிய குட்டியா?

2024ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் ஆபிரிக்கப் பன்றிக்காய்ச்சல் இலங்கையில் பரவத் தொடங்கியது. மனிதருக்குத் தொற்றாத இந்நோய் பன்றிகளை ஏறத்தாழ முற்றாகக் கொன்றுவிடும். கடுமையான காய்ச்சல், தீன் மறுத்தல், காதிலும் வயிற்றுத்தோலிலும் சிவப்பு அல்லது நீலம் பாய்தல் என்று தொடங்கிச் சில நாட்களிலேயே சாவில் முடியும். அதற்கு மருந்து இல்லை. இந்நோய்க் கிருமி குளிரூட்டிய இறைச்சியிலும் உப்பிட்ட இறைச்சியிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகவே பன்றி வளர்ப்பைப் பற்றிய எந்த ஒப்பீட்டையும் இனி நோயிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

தாய்ப்பன்றி வைப்பதை ஆதரிப்போர் சொல்லும் நியாயம் கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கும்: வெளியிலிருந்து குட்டி வாங்கினால்தானே நோய் வரும், நம் வளவிலேயே பிறந்தால் ஏன் வரப்போகிறது? ஆனால் தாய்ப்பன்றி சினைப்பட ஆண்பன்றி வேண்டும். இம்மாவட்டத்தில் ஆண்பன்றி வைத்திருப்போர் மிகச் சிலரே என்பதால், தாயை அங்கே கொண்டுபோகவோ ஆண்பன்றியை இங்கே கொண்டுவரவோ நேரும். பல பட்டிகளுக்குப் போய்வரும் ஆண்பன்றியைவிட ஆபத்தான விருந்தாளி வேறில்லை. சினைக்காலம் 114 நாட்கள். மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்று கணக்கு வைத்துக்கொள்வது எளிது. ஓர் ஈற்றில் எட்டுப் பத்துக் குட்டிகள் எதிர்பார்க்கலாம். தாய் புரண்டு படுக்கும்போது குட்டிகள் நசுங்காதபடி சுவரோரம் கம்பி அடிப்பது, மூன்றாம் நாளளவில் இரும்புச்சத்து ஊசி போடுவிப்பது, ஆண்குட்டிகளை முதலிரு வாரங்களுக்குள் காயடிப்பிப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஆளும் கால்நடை வைத்தியரும் தேவை. சினைக்காலத்தில் நாளொன்றுக்கு இரண்டரைக் கிலோ அளவு தின்னும் தாய், பால் கொடுக்கும் காலத்தில் ஐந்து கிலோவரை கேட்கும். இவையெல்லாம் ஒழுங்காக நடந்தாலும் எட்டு வாரத்தில் எட்டுக் குட்டிகளுக்கு வாங்குவோர் வேண்டுமே. மேற்குக் கரையில் ஜாஎலவிலோ வென்னப்புவவிலோ வாசலுக்கே வந்து வாங்கிப்போவர். உப்புவெளியில் அப்படி யார் வருவார்?

குட்டி வாங்கி வளர்க்கும் வழிக்கு நோய்க் காலத்தில் பேசப்படாத ஒரு நன்மை உண்டு. ஒரே இடத்தில் ஒரே நாளில் வாங்கிய இரண்டு குட்டிகள் வளர்ந்து டிசம்பரில் அறுபட்டால், அடுத்த ஜூன் வரை கொட்டில் வெறுமையாகக் கிடக்கும். கழுவி, சுண்ணாம்பு பூசி, வெயில்பட விட்ட கொட்டிலில் பழைய கிருமியும் குடற்புழு முட்டையும் பெருமளவு குறைந்துவிடும். புதுக்குட்டி நோயோடு வந்தாலும் அதனிடமிருந்து தொற்றிக்கொள்ளப் பழைய பன்றி அங்கே இருக்காது. தாய்ப்பன்றி இருக்கும் கொட்டில் ஒருபோதும் காலியாவதில்லை. எனவே, நோயைக் காரணம் காட்டித் தாய்ப்பன்றியைத் தெரிவுசெய்வோர் உண்மையில் நோய்க்கு நிரந்தரமான இருப்பிடம் ஒன்றைக் கட்டிக்கொடுக்கிறார்கள் என்றே சொல்ல வேண்டும்.

வாங்கும்போது எட்டு வாரம் நிறைந்து, பத்து முதல் பன்னிரண்டு கிலோ எடையுள்ள, காயடித்த ஆண்குட்டியையோ பெண்குட்டியையோ எடுக்கலாம். காயடிக்காத ஆணின் இறைச்சியில் வாடை அடிக்கும். ஈற்றில் கடைக்குட்டியை விலை குறைத்துத் தருவார்கள். அதை வாங்கக் கூடாது. லார்ஜ் வைட், லேண்ட்ரேஸ் ஆகிய வெள்ளை இனங்களின் கலப்புக் குட்டி ஆறு மாதத்தில் எட்டும் எடையை நாட்டுப்பன்றி எட்டாது; நாட்டுப்பன்றிக்குக் கொழுப்பும் விரைவில் கூடிவிடும். ஆனால் வெள்ளைத் தோல் வெயிலில் வெந்துபோகும் என்பதால் கலப்பினத்துக்கு நிழல் கட்டாயம். மாவட்டங்களுக்கிடையே பன்றி கொண்டுசெல்லக் கட்டுப்பாடு நடைமுறையில் இருக்கிறதா என்பதை, பிரதேசத்தின் அரச கால்நடை வைத்தியர் அலுவலகத்தில் கேட்ட பின்னரே முற்பணம் கொடுக்க வேண்டும். அந்தக் கேள்வியோடு, நத்தாருக்கு அறுக்க என்ன அனுமதி தேவை என்பதைப் பிரதேச சபையிலும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் கேட்டுவிடுவது நல்லது. வீட்டுத் தேவைக்கு அறுப்பதும் விற்பனைக்கு அறுப்பதும் ஒன்றாகக் கருதப்படுவதில்லை.

ஜூனா, ஒக்டோபரா?

குடும்ப வளர்ப்புக்கு இரண்டு நாட்காட்டிகள் உள்ளன. ஜூனில் வாங்கி நத்தாருக்கு அறுப்பது ஒன்று; ஒக்டோபரில் வாங்கி, தவக்காலம் கழிந்து உயிர்த்த ஞாயிறுக்கோ சித்திரைப் புத்தாண்டையொட்டியோ அறுப்பது மற்றது. எல்லோரும் நத்தாரை நினைத்து முதலாவதைப் பிடித்துக்கொள்கிறார்கள். பண்டிகையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் முதலாவதே மேலானது என்பதற்குக் காரணங்கள் உண்டு.

பன்றிக்கு வியர்வை மூலம் உடற்சூட்டைத் தணிக்கும் வசதி இல்லை. ஆனால் இளங்குட்டிக்கு வெப்பம் தேவை; பத்து, பதினைந்து கிலோக் குட்டிக்கு 26 முதல் 30 பாகை செல்சியஸ் சுகமானது. அறுபது கிலோவைத் தாண்டிய பன்றிக்கு 24 பாகைக்கு மேலே ஒவ்வொரு பாகையும் சுமைதான். முப்பதைத் தாண்டினால் தீனைக் குறைத்துக்கொண்டு மூச்சு வாங்கிக் கிடக்கும். திருகோணமலையில் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் ஜூன், ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் பகல் வெப்பம் 34, 35 பாகைக்குப் போகிறது. டிசம்பரில் 28 அளவில் நின்றுவிடுகிறது. ஆகவே ஜூனில் வாங்கிய குட்டி, சூட்டைத் தாங்கும் பருவத்தில் சூட்டையும், சூட்டைத் தாங்காத பருவத்தில் குளிர்ச்சியையும் பெறுகிறது. ஒக்டோபரில் வாங்கிய குட்டிக்கு இது தலைகீழாகிவிடும். வாடைக்காற்றும் சாரலும் அடிக்கும் நவம்பரில் அது ஈரத்தில் நடுங்கும். கழிச்சலும் சளியும் பிடிப்பது இந்தப் பருவத்திலேயே. எண்பது கிலோவை நெருங்கும் மார்ச், ஏப்ரலில் வெயில் ஏறத் தொடங்கும். தின்னும் தீனுக்கேற்ப எடை கூடாது.

தீன் கிடைக்கும் காலமும் இதையொட்டியே அமைந்திருக்கிறது. கிழக்குக் கடல் அமைதியாக இருப்பது ஏறத்தாழ ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைதான். கரைவலை இழுப்பதும், கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் மீன் குவிவதும் அப்போதே. வளரும் குட்டிக்குப் புரதம் மிகவும் தேவைப்படும் மாதங்களும் அவைதான். சிறுபோக நெல் ஓகஸ்ட், செப்டம்பரில் அறுவடையாகி, தம்பலகாமம், கந்தளாய் பக்கத்து ஆலைகளில் குற்றப்படும்போது புதுத் தவிடு வருகிறது. பன்றி தவிட்டை நன்றாகத் தின்று எடை போடும் வயதுக்கு வருவதும் அப்போதே. மரவள்ளியைச் சீவிக் காயவைக்கக் கச்சான் காலத்தைவிட நல்ல காலம் இல்லை. ஒக்டோபரில் தொடங்குவோருக்கு இந்த மூன்றும் முன்பின்னாகப் போய்விடும்.

ஜூன் நாட்காட்டிக்கு ஒரு குறை உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. பன்றி பெரிதாகி அதிகம் கழிக்கும் கடைசி இரண்டு மாதமும் பெருமழை மாதங்கள். அந்தச் சிக்கலைக் கொட்டிலின் அமைப்பால்தான் தீர்க்க வேண்டும். அதைப் பின்னர் பார்ப்போம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தைப் பார்த்தவர்கள், மகாவலி கடலில் சேரும் மூதூர்ப் பக்கத் தாழ்நிலங்களில் கொட்டில் போடுவதைப் பற்றி இருமுறை சிந்திப்பார்கள். அங்கே மேட்டு வளவு இல்லாதவர்களுக்கு மட்டும், ஜனவரி இறுதியில் வாங்கி ஜூலையில் அறுக்கும் மூன்றாவது நாட்காட்டியே எஞ்சுகிறது. வெயிலின் நட்டத்தை ஏற்றுக்கொண்டுதான் அதைச் செய்ய வேண்டும்.

தீன்: பொதித்தீன், வீட்டுக் கலவை, விடுதி மிச்சம்

ரூபாய்க் கணக்கு மாதத்துக்கு மாதம் மாறுவதால் கிலோக் கணக்கில் பேசுவதே பயனுள்ளது. பன்னிரண்டு கிலோக் குட்டி 85 கிலோவாக வேண்டுமானால் 73 கிலோ கூட வேண்டும். கடையில் பொதியாக விற்கும் நல்ல பொதித்தீனில் ஒரு கிலோ கூடுவதற்கு மூன்று கிலோத் தீன் போதும். வீட்டுக் கலவையில் மூன்றரை முதல் நான்கு கிலோ பிடிக்கும். அதாவது ஒரு பன்றிக்கு முன்னதில் 220 கிலோ அளவும், பின்னதில் 255 முதல் 290 கிலோ வரையும் செல்லும். வீட்டுக் கலவையின் ஒரு கிலோ விலை, பொதித்தீனின் விலையில் நான்கில் மூன்று பங்குக்கு மேலிருந்தால், கலப்பதில் இலாபம் நிச்சயமில்லை. வாங்கும் மாதத்து விலைகளை வைத்து இதை எவரும் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

என் பரிந்துரை இரண்டையும் வயதுவாரியாகப் பிரிப்பது. முப்பது கிலோ வரும்வரை பொதித்தீனே கொடுக்க வேண்டும். இந்த வயதில் 18 சதவீதப் புரதம் வேண்டும், அதை வீட்டுக் கலவையால் ஒழுங்காகக் கொடுப்பது கடினம். அதன் பிறகு அரிசித் தவிடு 45 கிலோ, காய்ந்த மரவள்ளி 25 கிலோ, தேங்காய்ப் புண்ணாக்கு 20 கிலோ, உப்பில்லாத காய்ந்த மீன்தூள் 8 கிலோ, கனிமக் கலவை 2 கிலோ என்று கலந்தால் சுமார் 14 சதவீதப் புரதம் வரும். நாற்பது கிலோவைத் தாண்டிய பன்றிக்கு அது போதும். இடைப்பட்ட வாரங்களில் இரண்டையும் பாதிக்குப் பாதி கொடுக்கலாம். சீனன்குடாவில் பிரிமா மா ஆலை இருப்பதால் கோதுமைத் தவிடு கைக்கெட்டினால், அரிசித் தவிட்டில் மூன்றில் ஒரு பங்கை அதனால் மாற்றிக்கொள்ளலாம்.

இக்கலவையில் ஏமாற இடமுள்ளது தவிட்டில்தான். தவிடு என்று ஆலையில் கட்டித்தருவதில் உமித்தூள் எவ்வளவு என்பது மூடையைப் பார்த்தால் தெரியாது. ஒரு சிட்டிகை எடுத்து இரு விரலுக்கிடையே தேய்த்தால், நல்ல தவிடு எண்ணெய்ப் பசையோடு மாவாக ஒட்டும். உமி கலந்தது நறநறவென்று உரசும். உள்ளங்கையில் வைத்து மெதுவாக ஊதினால் உமி பறந்துவிடும், தவிடு கிடக்கும். உமியைப் பன்றியால் செரிக்க முடியாது. நல்ல தவிட்டிலுள்ள எண்ணெய் இந்த வெக்கையில் இரண்டு, மூன்று வாரத்தில் காறிப்போகும் என்பதால், மலிவாகக் கிடைக்கிறதென்று மாதக்கணக்குக்கு வாங்கி அடுக்குவதும் கூடாது. காட்டோரக் கிராமங்களில் தவிட்டு மூடைகள் யானையையும் கூப்பிடும். அங்கே அவற்றைக் கொட்டிலில் வைக்காமல் பூட்டிய அறையில் வைப்பதோடு, அவ்வப்போது வேண்டிய அளவே வாங்குவது பாதுகாப்பு.

மரவள்ளியில் நஞ்சு உண்டு என்பது இங்கே அனைவரும் அறிந்தது. கசப்பினத்தைப் பச்சையாகப் போட்டு இரவோடிரவாகப் பன்றியை இழந்தவர்கள் உண்டு. மெல்லிதாகச் சீவி மூன்று நாள் முழு வெயிலில் காயவைத்தால், அல்லது மூடாமல் நன்றாக அவித்து நீரை வடித்தால் ஆபத்து நீங்கும். இலையையும் வாடவைத்தே போட வேண்டும்.

மீனைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் திருகோணமலைக்காரருக்குக் கைக்கெட்டும் மலிவான புரதம் அது. கரைவலையில் விற்காமல் ஒதுக்கும் பொடிமீனும், சந்தையில் வெட்டி எறியும் குடலும் தலையும் கேட்டால் கிடைக்கும். அந்தக் குவியலில் பேத்தை என்னும் நச்சுமீன் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தே எடுக்க வேண்டும். பேத்தையின் நஞ்சு எவ்வளவு அவித்தாலும் போகாது, மனிதரைக் கொல்வதுபோலவே பன்றியையும் கொல்லும். கெளுத்தியின் முள்ளை ஒடித்துவிட வேண்டும். மிகுதியை நன்றாக அவித்து, தீனில் பத்திலொரு பங்குக்கு மேற்படாமல் கலக்கலாம். கருவாட்டு வாடிகளில் கிடைக்கும் உப்புக் கழிவை விலக்க வேண்டும். குடிநீர் போதாத நாளில் உப்பு கூடிய தீன் தின்ற பன்றிக்குத் தலை சுழன்று, சுவரில் முட்டி, வலிப்பு வரும். எல்லா மீனையும் அறுப்புக்கு நான்கு வாரம் முன்னதாக நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் நத்தார் இறைச்சியில் மீன்வாடை வீசும், கொழுப்பும் இளகிக் கிடக்கும். நவம்பர் இறுதியில் கடல் எப்படியும் கொந்தளிக்கும் என்பதால் இந்தக் கட்டுப்பாட்டைக் கடைப்பிடிப்பது கடினமில்லை.

விடுதி மிச்சம் பெரிய சபலம். நிலாவெளியிலும் உப்புவெளியிலும் உல்லாச விடுதிகள் நிறைந்திருக்கும் மாதங்களும் ஜூன் முதல் செப்டம்பர் வரையே. வாளி வாளியாக உணவு வீணாகிறது, கேட்டால் சும்மா தருவார்கள். அந்த வாளிக்குள் பேக்கனும் ஹாமும் சொசேஜும் இருக்கும். ஆபிரிக்கப் பன்றிக்காய்ச்சல் நாடுவிட்டு நாடு பாய்ந்த வழிகளில் முதன்மையானது இந்த மிச்ச உணவே. கொதி வந்த பிறகும் முழுதாக அரைமணி நேரம் கிளறிக் கிளறி அவித்தால் கிருமி சாகும் என்பது உண்மைதான். ஆனால் பச்சை மிச்சம் வந்த அதே வாளியில் அவித்ததை அள்ளினாலே பட்ட பாடெல்லாம் வீண். இரு வேறு வாளி, விறகு, ஒவ்வொரு நாளும் தவறாத பொறுமை ஆகிய மூன்றும் ஆறு மாதம் நிலைக்கும் என்று நம்பும் குடும்பங்கள் குறைவு. ஆகவே வேண்டாம் என்பதே என் கருத்து. வீட்டுச் சோறும் காய்கறித் தோலும் போதும். அதிலும் கடையில் வாங்கிய பன்றியிறைச்சியின் மிச்சம் சேரக் கூடாது.

கொட்டில்: சீமெந்துத் தளமா, உமிப் படுக்கையா?

உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரை கடலோரம் முழுவதும் மணல். கிணறுகள் ஆழமற்றவை; மேலே ஊற்றியது நேரே கீழே போகும். ஒரு பெரிய பன்றி நாளொன்றுக்கு நாலைந்து கிலோ கழிக்கும். ஆறு மாதம் மணலில் ஊறினால் அது கிணற்றில்தான் போய்ச் சேரும். ஆகவே மண் தரையில் பன்றியைக் கட்டுவது இங்கே ஒரு தெரிவாகவே கொள்ளப்படக் கூடாது. கிணற்றிலிருந்து, அயலாரின் கிணற்றிலிருந்தும்தான், குறைந்தது 30 மீற்றர் தள்ளியே கொட்டில் இருக்க வேண்டும்.

முழுச் சீமெந்துத் தளம் கழுவ எளிது. பெரிய பன்றி நனைந்த தளத்தில் படுத்துச் சூட்டைத் தணித்துக்கொள்ளும். ஆனால் தினமும் கழுவ நீர் வேண்டும். குடிக்க மட்டுமே ஒரு பன்றிக்கு எட்டு, பத்து லீற்றர் செல்லும் ஓகஸ்டில், கிணறு இறங்கிக் கிடக்கையில், கழுவ நீர் எங்கிருந்து வரும்? கழுவிய நீருக்குக் குழியும் வேண்டும். அந்தக் குழி நவம்பரில் நிரம்பி வழியும். உமியையும் மரத்தூளையும் தடிப்பாகப் பரப்பிய படுக்கைக்குக் கழுவல் வேண்டாம், நாற்றமும் குறைவு. அதன் குறை, நொதிக்கும்போது சூடாவது. அதோடு நிலத்தைத் தோண்டிக் குழியாக அமைத்தால் மழைக்காலத்தில் அடியிலிருந்து நீர் ஊறிப் படுக்கை சேறாகிவிடும்.

இரண்டையும் சேர்ப்பதே இங்குப் பொருந்தும். மூன்று மீற்றருக்கு இரண்டரை மீற்றர் கொட்டிலில் இரண்டு பன்றிகள் தாராளமாக வளரும். தளம் முழுவதும் சொரசொரப்பான சீமெந்து, மீற்றருக்கு மூன்று சென்ரிமீற்றர் சரிவு. மேட்டுப்பக்கப் பாதியில் இரண்டு வரிசைக் கல் அடுக்கி, அதற்குள் முப்பது சென்ரிமீற்றர் உயரத்துக்கு உமி. பள்ளப்பக்கப் பாதியில் வெறும் சீமெந்தும் தண்ணீர்த் தொட்டியும். பன்றி படுக்கும் இடத்தை அசுத்தப்படுத்தாத பிராணி. ஈரமும் குளிர்ச்சியுமுள்ள மூலையில் கழித்துவிட்டுக் காய்ந்த இடத்தில் படுக்கும். முதல் இரண்டு நாள் சிறிது எருவைத் தொட்டியின் அருகே விட்டுவைத்தால், அந்த மூலையைத் தானே பழகிக்கொள்ளும். வெயில் நாளில் அது ஈரச் சீமெந்துக்கு நகரும், மழை நாளில் உமிக்கு ஏறும். அந்த ஒரு மூலையைத் தினமும் வாரினால் போதும். கழுவும் நீரும் மூன்றிலொன்றாகக் குறையும். வாரிய எருவை உமியோடு கூட்டிக் கிடுகால் மூடிவைத்தால், மழை முடிந்ததும் தென்னைக்கும் வாழைக்கும் போடலாம்.

கூரைக்குக் கிடுகுதான் குளிர்ச்சி. தகரம் போடுவோர் அதன் கீழே ஒரு கிடுகு வரிசை கட்டிவிட வேண்டும். வாடைச் சாரல் அடிக்கும் வடகிழக்குப் பக்கம் கூரை இறங்கி, சுவர் உயர்ந்திருக்க, மற்றப் பக்கங்கள் இடுப்பளவுச் சுவரோடு திறந்திருக்கலாம். வயல்வெளிக்கு அருகே கொட்டில் போடுவோருக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை உண்டு. வயல் நீரில் பெருகும் கியூலெக்ஸ் நுளம்பு ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பன்றியிலிருந்து மனிதருக்குக் கடத்தும். 1985, 1986ஆம் ஆண்டுகளில் அனுராதபுரப் பகுதியில் அந்நோய் பரவிப் பலர் இறந்த பிறகே இங்கே தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. தம்பலகாமம் போன்ற வயலூர்களில் கொட்டிலை வீட்டிலிருந்து இயன்றளவு தள்ளிப் போடுவதும், பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையைக் குட்டி வாங்குவதற்கு முன்பே எடுத்துப் பார்ப்பதும் அவசியம்.

பங்கு போடுவதா, உயிரோடு விற்பதா?

85 கிலோப் பன்றியில் தோலுரிக்காமல் சுத்தம் செய்த உடல் அறுபது கிலோவுக்குச் சற்று மேல் வரும். எந்த வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலும் அது அடங்காது. ஆகையால் ஆட்டுக்குச் செய்வதுபோலவே பங்கு போடுவது நல்லது. ஆறு குடும்பம் சேர்ந்தால் ஆளுக்குப் பத்துக் கிலோ; தீன் செலவையும் ஜூனிலேயே ஆறாகப் பிரித்துக்கொள்ளலாம். பன்றிகள் துணையோடு இருந்தால் போட்டி போட்டுத் தின்னும் என்பதால் இரண்டு வளர்ப்பதே நல்லது. அப்போது ஒன்றைப் பங்குக்கும் மற்றதை உயிரோடு விற்பதற்கும் ஒதுக்கலாம். பங்குக் குடும்பங்கள் முன்கூட்டியே உறுதியாகாவிட்டால் ஒன்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். விடுதிகள் வாங்கும் என்று நம்பி இறங்கக் கூடாது. பரிசோதனை முத்திரையில்லாத இறைச்சியை ஒழுங்கான விடுதி தொடாது.

உயிரோடு விற்கும்போது வியாபாரி கண்ணால் பார்த்து எடை சொல்வார். ஒரு தையல் நாடா இருந்தால் அவர் சொல்வதைச் சரிபார்க்கலாம். முன்கால்களுக்குப் பின்னே நெஞ்சுச் சுற்றளவையும், காதுகளுக்கு நடுவிலிருந்து வாலடி வரை நீளத்தையும் மீற்றரில் அளந்து, சுற்றளவை அதனாலேயே பெருக்கி, பின் நீளத்தாலும் 69.3ஆலும் பெருக்கினால் எடை கிலோவில் வரும். சுற்றளவு 1.02, நீளம் 1.15 என்றால் ஏறத்தாழ 83 கிலோ. தீன் போட்டு வயிறு நிறைந்த நேரத்தில் அளக்கக் கூடாது.

அறுப்பதற்கு முதல்நாள் மாலையிலிருந்து தீனை நிறுத்தி, தண்ணீர் மட்டும் வைக்க வேண்டும். விடிவதற்கு முன் தொடங்கி, வெயில் ஏறுமுன் பங்கு பிரிந்து அவரவர் வீட்டுக்குப் போய்விட வேண்டும். குளிரறை இல்லாத இடத்தில் இதற்கு மாற்று இல்லை. மயிர் நீக்கக் கொதிநீர் ஊற்றினால் தோல் வெந்து மயிர் இறுகிவிடும். 62 முதல் 65 பாகைச் சூடே போதும். ஈரலில் வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் குடற்புழுவின் தடம். அந்தப் பகுதியை வெட்டி எறியலாம். நாக்கின் அடியிலோ தசையிலோ அரிசிமணி அளவில் வெண்கட்டிகள் தென்பட்டால் எதையும் பங்கு போடாமல் பரிசோதகரை அழைக்க வேண்டும். ஆறு மாதமும் கொட்டிலுக்குள்ளேயே வளர்ந்த பன்றியில் அது தென்பட வாய்ப்பு மிகக் குறைவு.

இனி எஞ்சுவது ஓர் இடர்தான். டிசம்பர் நடுவில் எங்கோ நோய் கண்டு, பன்றி அறுப்பதும் கொண்டுசெல்வதும் நிறுத்தப்பட்டால், கொட்டிலில் நிற்கும் ஒவ்வொரு பன்றியும் வாரத்துக்கு இருபது கிலோவரை தின்னும், கூடும் எடையில் பெரும்பகுதி கொழுப்பாகவே இருக்கும். அந்த நாட்களில் மரவள்ளியையும் தவிட்டையும் சற்றுக் குறைத்து, கீரையும் வாழைத்தண்டும் கூட்டிப் போட்டு எடையை நிறுத்தி வைக்கலாம். தவிட்டை நெடுநாள் வைத்திருக்க முடியாது என்பதால், அதற்கான இருப்பாகக் கச்சான் காலத்திலேயே இரண்டு மூடை மரவள்ளியைக் கூடுதலாகக் காயவைத்து, மழை படாத இடத்தில் பரணில் கட்டிவிட வேண்டும்.